ஆயுள் எண்ணில் விழுந்த ஓட்டை

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டை மாறவில்லி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் தோளில் கைபோட்டுப் பேசியவனை மாலையில் யானைக் காலில் இடறச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட புண்ணியவான்!

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பட்டம் கட்டும் நாளில் ராஜா ஓரிலக்க எண் பொறித்த ஓடுகளைக் கைக்கு வந்தபடி வரிசையாக அடுக்குவார். பிறகு அதே ஓடுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி மறுபடி அடுக்குவார்கள். பெரிய எண்ணில் சின்னதைக் கழித்தால் வருவதுதான் ராஜாவின் ஆயுள் எண். அதை இலக்கத்துக்கு ஒன்றாகச் செப்புத் தகடுகளில் வெட்டிச் சிம்மாசனத்துக்குப் பின்சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறைந்துவிடுவார்கள். வேறெங்கும் எழுதக்கூடாது, வாய்விட்டுப் படிக்கவும் கூடாது. மாறவில்லிக்கே முதல் நாலைந்து இலக்கங்களுக்கு மேல் தெரியாது.

ஒருநாள் காலை பார்த்தால், நடுவில் ஒரு தகட்டைக் காணோம்.

மண்டபத்துச் சாவி மந்திரி மங்கைபாகனிடம் இருந்தது. அது போதாதா, அவர்மேல் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அரண்மனைச் சோதிடர் உலகளந்தாருக்கு? விளக்கு வைப்பதற்குள் சரியான இலக்கம் ஏறாவிட்டால் ராஜாவின் உயிருக்கே ஆபத்து என்று ஓதிவிட்டார். ராஜா வெலவெலத்துப் போனான்.

"மங்கைபாகா, விளக்கு வைக்கும்போது அந்த ஓட்டை அடைபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நீ இருக்கமாட்டாய்" என்றான்.

முற்றத்தில் யானையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதன் சங்கிலிச் சத்தம் மண்டபம்வரை கேட்டது. ஆனாலும் மந்திரிக்கு ஒன்று தெரியும். ஒரே இலக்கங்களை எப்படிக் கலைத்து அடுக்கிக் கழித்தாலும், வரும் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். எழுபத்தொன்றில் பதினேழைக் கழித்தால் ஐம்பத்துநாலு, ஐந்தும் நாலும் ஒன்பது. எண் எவ்வளவு நீளமானாலும் இதே கதைதான். மிச்சமிருப்பதைக் கூட்டி, அடுத்த மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் காணாமல்போன இலக்கம்.

ராஜாவின் அனுமதியோடு கூட்டினார். நூற்றெட்டு வந்தது.

நூற்றெட்டு என்றதும் சோதிடர் பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மந்திரியோ இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்; அதே நூற்றெட்டுதான். நூற்றெட்டே ஒன்பதின் மடங்குதான். அப்படியானால் போனது பூஜ்ஜியமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். இந்த ஒரு இடத்தில் கணக்கு கைவிட்டுவிடும். அவர் சுவரின் ஓட்டையைப் பார்த்தார், ஓரக்கண்ணால் சோதிடரைப் பார்த்தார். பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பூஜ்ஜியம், மகாராஜா."

ராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே பூஜ்ஜியத் தகடு வெட்டச் சொன்னான். தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டு, இனிச் சபையில் சோதிடருக்கு முன்னால் மந்திரிக்குத்தான் தாம்பூலம் என்றும் அறிவித்தான். தகடு வெட்டிவந்த கன்னான் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். சோதிடர் வாயைத் திறக்கவில்லை. முதல் அடி விழுந்தது.

"நிறுத்து!" சோதிடருக்குப் பொறுக்கவில்லை. "இவன் பொய் சொல்கிறான் மகாராஜா, அங்கே இருந்தது ஒன்பது!"

"யாரும் படிக்காத எண் ஆயிற்றே. உமக்கு எப்படித் தெரியும்?" என்று மந்திரி மெதுவாகக் கேட்டார்.

சோதிடர் கிரகம், கட்டம் என்று என்னென்னவோ உளறினார். அது தெரிந்திருந்தால் காலையிலேயே சொல்லி ராஜாவின் உயிரைக் காப்பாற்றாதது ஏன் என்று மந்திரி கேட்டதும் அவர் கை தானாக மடியைப் பொத்திக்கொண்டது. காவலர்கள் அவர் இடுப்பைச் சோதித்தார்கள். மடியிலிருந்து ஒரு கள்ளச் சாவியும், கூடவே ஒன்பதும் கீழே விழுந்தன.

ராஜா அவரை யானைக் காலுக்கே அனுப்பியிருப்பான். மந்திரி கெஞ்சியதால் தலை தப்பியது. சோதிடர் அன்றிலிருந்து அதே யானைக்குத் தண்ணீர் சுமக்கலானார்.

சபை கலைந்ததும் ராஜா மந்திரியை நிறுத்திக் கேட்டான். "உண்மையிலேயே அது பூஜ்ஜியமாக இருந்திருந்தால்?"

"நான் சொன்னது சரியாக இருந்திருக்கும், மகாராஜா."

"ஒன்பதாக இருந்து, அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால்?"

வெளியே சங்கிலி குலுங்கியது. மங்கைபாகன் மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார்.