நந்தியின் நாக்கும் நால்வர் தீர்ப்பும்

கீழப்பனங்குறிச்சியில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலகம்மாள் அரிசி மில்லின் மாடியறையிலேயே நாலு பேர் இருந்தார்கள். சாயங்காலமானால் நாற்காலிகளை வளைத்துப் போட்டு உட்காருவார்கள். வாசகர் வட்டம் என்று பெயர். மூன்று பேர் மட்டும் வந்த நாட்களில் அது முக்கோணமாகிவிடும் என்று கூட்டத்தை ஒத்திவைத்துவிடுவார்கள்.

வட்டத்துக்குச் செயலாளர் கோமதிநாயகம். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீட்டில் மனைவியும் மனைவியின் தங்கைமாரும் கூடியிருந்து டிவி பார்ப்பார்கள். அவருக்கு உட்கார இடமிருக்காது, உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார்கள். மில் மாடியில்தான் அவருக்கென்று ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, "செயலாளர்" என்று கூப்பிட மூன்று வாய்கள். அந்த அறை போனால் மறுபடியும் வெறும் கோமதிநாயகம் ஆகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

அந்த அறைக்குத்தான் வினை வந்தது. 'நந்தியின் நாக்கு' என்று ஒரு நாவல். பழைய கோயில் ஒன்றில் ஸ்தபதி செத்துக்கிடக்கிறார். நந்தியின் நாக்குக்கு அடியில் ஆயிரம் வருஷத்து ரகசியம் இருக்கிறது. அது வெளியே வந்தால் மதமே ஆட்டம் கண்டுவிடும் என்று ஒரு ரகசியச் சபை அதைக் காத்துவருகிறது. ஊரெல்லாம் இதே பேச்சு. சலூனில் அது, பஸ்ஸில் அது, கல்யாணத்தில் மொய்க்குப் பதில் அது. இந்தப் பாவத்தை எரித்தே தீருவேன் என்று ஒரு பிரதி வாங்கிய பக்திமான், எரிக்கும் முன் முதல் பக்கத்தைப் புரட்டி, கடைசிவரை படித்து, அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, எரிப்பதற்கு இன்னொரு பிரதி வாங்கினார்.

மில் முதலாளி உலகம்மாள் ஒருநாள் மாடியேறி வந்தார். நாற்பது வருஷமாக நெல்லைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்கிற பெண்மணி.

"எனக்கு இப்ப நெல்லு வார நேரம். நல்ல புத்தகம்னா படிக்கேன், வெறும் கூப்பாடுன்னா விட்டுருதேன். நாலு பேரும் படிச்சுட்டு, இந்தக் கூப்பாட்டுக்கு அது தகுமா தகாதான்னு ஞாயித்துக்கிழமை ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுகூடச் சொல்லத் தெரியலன்னா ரூமைக் கேரம் கிளப்புக்கு விட்டுருவேன். அவங்களாவது காயைத் தள்ளுதாங்க."

அவர் படியிறங்கியதும் கோமதிநாயகம் மின்விசிறியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். அழுகை வரும்போல் இருந்தது.

வட்டத்தின் கையிருப்பில் ஒரே ஒரு பிரதிதான் வாங்க முடிந்தது. நல்ல செங்கல் கனம். நாலு பேர், ஒரு புத்தகம், ஞாயிற்றுக்கிழமையோ கிட்டத்தில். ஆனால் வட்டத்துக்கு இது புதிய சிக்கல் இல்லை. தினமும் ஒரே செய்தித்தாளை நாலு பேரும் ஒரே நேரத்தில்தான் படிக்கிறார்கள். தாளைப் பிரித்து ஆளுக்கு ஒரு ஷீட். உலகத்தில் எல்லா வாசகசாலையிலும் நடப்பதுதானே.

"அதே மாதிரி பிரிச்சிருவோம்," என்றார் சுடலைக்கண்ணு. அவர் டெய்லர். கத்திரி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

"நாலு பாகமா?" என்று கேட்டார் சைக்கிள் கடை அருளப்பன். "அப்போ முதல் பாகம் வாங்குனவனுக்கு வெறும் பொணம்தான் கெடைக்கும். கொலைகாரன் கடைசிப் பாகத்துக்காரனுக்குப் போயிருவான். இது நியாயமாவே?"

"காதலு நடுவுலதான் வரும்," என்றார் மைதீன் பிச்சை. அத்தர் வியாபாரி, எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "அது ஒருத்தருக்கு மட்டும் போகக் கூடாது."

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். செயலாளர் என்றால் இந்த மாதிரி நேரத்துக்குத்தானே. "சீட்டுப் போடுத மாதிரி போட்டுருவோம்வே. முதல் தாளு எனக்கு, அடுத்தது சுடலைக்கு, அடுத்தது அருளப்பனுக்கு, அடுத்தது மைதீனுக்கு. திரும்ப எனக்கு. அப்போ பொணம், காதல், கொலைகாரன் எல்லாம் எல்லாருக்கும் சமமாக் கெடைக்கும்."

மூவரும் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை வழிந்தது. சுடலைக்கண்ணு முதுகுத் தையலைக் கத்தரித்தார். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மெல்லிசான நாவல் சேர்ந்தது. அட்டை மட்டும் பதவியை முன்னிட்டுச் செயலாளருக்குப் போனது.

பின்னட்டையில் பாராட்டுகள் அச்சாகியிருந்தன. புகழுக்குத் தகுமா என்றுதானே கேள்வி, ஆகவே முதலில் அதைச் சோதிப்பது என்று முடிவாயிற்று. 'ஒரே மூச்சில் படித்துவிடலாம்' என்பது முதல் வரி. சுடலைக்கண்ணு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். ஸ்தபதியின் சடலத்தை நெருங்குவதற்குள் முகம் கத்தரிக்காய் நிறமாகி, தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். தெளிந்து எழுந்ததும், "அது பொய்," என்று சாட்சி சொன்னார்.

'கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது' என்பது அடுத்தது. அது மெய் என்றார் அருளப்பன். எடுத்த நிமிஷத்திலிருந்து அவர் கீழே வைக்கவே இல்லை. குளிக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சோறு அவர் மனைவி ஊட்டிவிட்டாள். கடையில் பஞ்சருக்கு வந்த சைக்கிள்களெல்லாம் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

"கீழ வைக்க முடியுதான்னு முயற்சி பண்ணிப் பாத்தீராவே?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"முடியாதுன்னுதான் அச்சடிச்சே போட்டிருக்காவளே. அப்புறம் என்னத்துக்கு முயற்சி?"

படிப்பு மும்முரமாக நடந்தது. கோமதிநாயகத்துக்குப் பிரமிப்பாக இருந்தது. ஒரு பக்கத்தில் கதாநாயகன் ஒரு கதவைத் திறக்கிறான், அடுத்த தாளில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான். கதவுக்குப் பின்னால் ஒட்டகம் எப்படி வந்தது? அவருக்கு விளங்கவில்லை. விளங்காததுதான் மர்மம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இவ்வளவு மர்மம் உள்ள புத்தகத்தை அவர் ஆயுளில் படித்ததில்லை.

சனிக்கிழமை வட்டம் கூடிக் கொலைகாரன் யார் என்று விவாதித்தது.

"தொல்லியல் அதிகாரிதான் கொன்னாரு," என்றார் கோமதிநாயகம். "என் தாளுல அவரு கையில ரத்தம் இருக்கு."

"அந்த அதிகாரி செத்துல்லா போனாரு," என்றார் சுடலைக்கண்ணு. "என் தாளுல அவரைப் பொதைக்காவ."

அருளப்பன் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். "என் தாளுல பொதைச்சதுக்கு அப்புறம் காபி குடிக்காரே. சீனி தூக்கலாக் கேக்காரு."

புதைக்கப்பட்டவர் காபி கேட்பது யாருக்கும் இலேசில் பிடிபடவில்லை.

"உயிர்த்தெழுந்திருப்பாரு," என்றார் அருளப்பன், இந்த விஷயத்தில் தனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்ற தோரணையில். "எங்க கோயில்லயும் உண்டு. ஆனா காபி கேட்டதா எழுதலை."

"மைதீன்ட்டதான் கடைசித் தாளு இருக்கு. அவரு சொல்லட்டும்," என்றார் சுடலைக்கண்ணு.

மைதீன் பிச்சை தன் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "சொல்ல மாட்டேன். 'இதன் முடிவைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்'னு எழுத்தாளரே கடைசியில கேட்டுருக்காரு. முகம் தெரியாத மனுஷன், என்னை நம்பி ஒரு காரியம் சொல்லிருக்காரு."

"முடிவு தெரியாம எப்படிவே தீர்ப்புச் சொல்ல? நாளைக்கு ரூமு போயிரும்," என்றார் கோமதிநாயகம். மைதீன் பிச்சைக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வாக்கு வாக்குதானே.

அப்போதுதான் சுடலைக்கண்ணுக்கு அது உதித்தது. "நீரு நந்தி காதுல சொல்லும் மைதீன். ஊருல எல்லாரும் ரகசியத்தை அதுகிட்டதானே சொல்லுதாவ. காதுல சொன்னது நாக்குக்கு வரும்னு என் தாளுல ஒரு சாமியாரு சொல்லுதாரு. செயலாளர் அதோட வாய்ப்பக்கம் காதை வச்சுக் கேட்டுக்கிடட்டும்."

"யாரிடமும்னு போட்டிருக்கே. நந்தி ஆளா, மாடா?" என்று மைதீன் பிச்சை கேட்டார்.

"கைலாசத்துல வாசல் காவலாளின்னு சொல்லுதாவ," என்றார் கோமதிநாயகம் கவலையோடு.

"சம்பளம் வாங்குதா?"

"இல்லை."

"அப்போ ஆளு இல்லை." விவாதம் அத்தோடு முடிந்தது.

சிவன் கோயில் வெளி மண்டபத்தில் கல் நந்தி, யார் வந்தாலும் போனாலும் ஒரே மாதிரிப் படுத்திருக்கும். மைதீன் பிச்சை அதன் காதில் வாய் வைத்து, கைகளால் மறைத்துக்கொண்டு, முடிவைச் சொன்னார். கோமதிநாயகம் அதன் வாயில் காதை ஒட்டிவைத்துக் குனிந்து நின்றார். வெயில் பட்ட கல், காது சுட்டது. சத்தம் எதுவும் வரவில்லை.

"கேக்கலையேவே."

"பெரிய மாடுல்லா. காதுல இருந்து நாக்குக்கு வந்துசேர நேரம் ஆகும்," என்றார் சுடலைக்கண்ணு.

உள்ளேயிருந்து பட்டர் வந்து பார்த்தார். "என்ன ஓய் இது? வேண்டுதல் சொல்லுவா, சரி. பதில் கேட்டு நிக்கறவாளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நந்தி சொல்லப் போகுது, சாமி. சத்தம் போடாதீங்க," என்றார் சுடலைக்கண்ணு.

தேங்காய் வாங்க வந்த ஒரு அம்மாள் காதில் இது விழுந்துவிட்டது. நந்தி பேசுகிறதாம் என்று அவள் பூக்கடையில் சொன்னாள். பூக்கடை பஸ் ஸ்டாண்டில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் கோமதிநாயகத்துக்குப் பின்னால் வரிசை நின்றது. "கேட்டாச்சுல்லா, நகருமய்யா," என்று அவரைப் பிடித்து ஒதுக்கினார்கள். ஒருவருக்கு மகன் வேலை பற்றிக் கேட்டதாம், இன்னொருவருக்குச் சமஸ்கிருதத்தில் கேட்டதாம். எரிப்பதற்குப் புத்தகம் வாங்கிய பக்திமானுக்கு, நாவலில் வருவது அத்தனையும் பொய் என்று நந்தியே தெளிவாகச் சொல்லிற்றாம். உள்ளே இருக்கும் சுவாமிக்கு அன்று ஒரு முழம் பூ, வெளியே மாட்டுக்குக் கழுத்து முட்டப் பூ. பட்டர் தட்டைத் தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

கோமதிநாயகம் மறுபடி வரிசையில் நின்று, முண்டியடித்து, காதை வைத்தார். "சீக்கிரம்" என்று தெளிவாகக் கேட்டது. பின்னால் நின்றவர் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "தகுமா, தகாதா?"

கோமதிநாயகம் எழுந்தார். "அம்மா, ஒரே மூச்சில படிக்க முடியாது. சுடலை விழுந்துட்டாரு. கீழ வைக்க முடியாது. அருளப்பனைப் பாருங்க. கொன்னவரு செத்துட்டாரு, செத்தவரு காபி குடிக்காரு. முடிவு நல்ல முடிவுதான்னு மைதீன் முகத்தைப் பாத்தா தெரியுது. நந்திட்ட விசாரிச்சிருக்கோம், இன்னும் பதில் வரலை."

உலகம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். "உம்மைக் கேட்டதுக்குக் கேரம் காயைக் கேட்டிருக்கலாம். புத்தகத்தைக் குடும், நானே பாத்துக்கிடுதேன். அது நல்லா இருந்து நீங்க சொல்லத் தெரியாம முழிச்சீகளா, இல்ல புத்தகமே அப்படித்தானான்னு தெரிஞ்சுபோகும். உங்க மேல தப்புன்னா சாவியக் கொண்டாந்து வச்சிரணும்."

புத்தகம் செயலாளர் பொறுப்பில்தானே. கோமதிநாயகம் தன் பங்கை எடுத்தார். சுடலைக்கண்ணு அதை அட்டைக்குள் வைத்து அங்கேயே இரண்டு தையல் போட்டுக் கொடுத்தார்.

"பெரிய புத்தகம்னு சொன்னாவ. ஒல்லியா இருக்கே?"

"படிச்சுப் படிச்சுத் தேஞ்சுட்டும்மா," என்றார் கோமதிநாயகம்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் சாவியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடியில் காத்திருந்தார். மற்ற மூவரும் மின்விசிறியைக் கடைசித் தடவையாக வேகமாக ஓடவிட்டு, அதன் கீழ் உட்கார்ந்திருந்தார்கள்.

உலகம்மாள் வந்தார். கண் சிவந்திருந்தது. நெல் லாரியைக்கூடக் காக்கவைத்துவிட்டுப் படித்தாராம்.

"ஊரு சொல்லுதது சரிதான்வே. என்ன புத்தகம்! கதவைத் திறந்தா ஒட்டகம்! நான் கனவுலகூட நெனைக்கல. நீங்க முழிச்சதுல தப்பே இல்லை, எனக்கே பாதி புரியல. ஒரே ஒரு குறைதான். கொஞ்சம் இழுத்துட்டாரு. நறுக்குன்னு பாதியில முடிச்சிருக்கலாம். ரூமு உங்களுக்குத்தான்."

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வேலை செய்யும்," என்றார் உலகம்மாள் படியிறங்கப்போகும்போது. "தென்காசியில என் தங்கச்சிக்கு ஒண்ணு, மதுரையில சம்பந்திக்கு ஒண்ணு, வக்கீலுக்கு ஒண்ணு. மூணு பிரதி வாங்கி அனுப்பும்."

"வாங்க வேண்டாம்மா," என்றார் கோமதிநாயகம் பெருமிதத்தோடு. "மூணு பிரதி எங்ககிட்டயே இருக்கு."

அருளப்பன் கையிலிருந்ததை மட்டும் மூன்று பேரும் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது. கட்டுகளுக்கு அட்டை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், சுடலைக்கண்ணு கத்திரியைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு விட்டார்.

"அவசரப்பட்டுட்டோம்வே. முன்கூட்டியே இன்னும் ரெண்டு உறுப்பினரைச் சேத்திருந்தா, ஆறு பிரதி ஆயிருக்குமே."