கருப்பட்டி தோற்ற சோதனை

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் குடிமக்கள் கஷாயம் குடிக்க வேண்டியிருந்த ஒரு நாட்டைக் கோதண்டராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால், அது யார் மேல் வந்தது என்பதை மறந்துவிட்டு ஊரார் எல்லார் மேலும் கொட்டிவிடுவார்.

ஒருநாள் அவருடைய வேட்டை நாய் எலும்பு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அயல்நாட்டுத் தூதர் உட்கார்ந்திருந்தார். "என் நாய் எவ்வளவு சாது, பாரும்" என்று சொல்லி அரசர் அதன் காதைப் பிடித்து முறுக்கினார். நாய் வெடுக்கென்று கையைக் கவ்வியது. காயம் பெரிதில்லை. தூதர் சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டாரே, அதுதான் அரசருக்குப் பெரிய காயம்.

அந்த நாயை அன்றைக்கே படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் விட்டுவிட்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் அரசர் சபையைக் கூட்டினார்.

"நம் நகரில் உள்ள நாய்களில் அடங்கிய நாய் எது, அடங்காத நாய் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அடங்காதது ஒன்றுகூட இக்கரையில் இருக்கக் கூடாது. எப்படிச் சோதிப்பது? சொல்லுங்கள்."

முதலில் பிரதானி எழுந்தார். நாட்டின் வரவும் செலவும் அவர் கையில். தொந்தியும் அதற்கேற்ற அளவு. "பிரபு! அடக்கம் என்பது வயிற்றை அடக்குவது. நாயின் முன் ஒரு கறித்துண்டை வைப்போம். 'தின்' என்று சொல்லும்வரை வாய் வைக்காத நாயே கீழ்ப்படிந்த நாய்."

சேனாதிபதி குறுக்கிட்டார். "இது சமையற்கட்டுச் சோதனை! கம்பை ஓங்கி ஓர் அதட்டுப் போட வேண்டும். ஒதுங்கவும் கூடாது, பாயவும் கூடாது. நின்ற இடத்தில் நிற்கும் நாய்தான் நாய்."

ராஜவைத்தியர் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். "பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் சொல்வதெல்லாம் பழக்கிக் கொடுத்தால் வரும் வித்தை. குணம் பிறவியில் வருவது. அறியாத மனிதன் ஒருவன் நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கட்டும். உறுமினால் அதன் குணம் கெட்டது."

எது சிறந்த சோதனை என்று மூவரும் ஒரு நாழிகை சண்டை போட்டார்கள். அரசருக்குத் தலை வலித்தது. "மூன்றும் நடக்கட்டும். ஒன்றில் தவறினாலும் அக்கரை!" என்று உத்தரவு போட்டுவிட்டு எழுந்துபோனார்.

அந்தச் சபையின் ஓரத்தில் உலகளந்தான் என்று ஒரு விகடன் இருந்தான். பெயர்தான் அப்படி, ஆள் மூன்றரை முழம். அரசரிடம் நேருக்கு நேர் பேசும் உரிமை அவனுக்கு இருந்தது. அது பெரியவர்கள் மூவருக்கும் கண்ணில் விழுந்த தூசி போல உறுத்திக்கொண்டிருந்தது.

அரண்மனைத் திடலில் சோதனை நடந்த அன்று உலகளந்தான் வேடிக்கை பார்க்கத்தான் போனான். போனவனுக்கு நேரம் ஆக ஆக வயிறு எரிந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் வந்திருந்தன. தேறியவை ஒன்பதே ஒன்பது. ஒன்பதும் பெரிய வீட்டு நாய்கள். பிரதானியின் மாணிக்கம் கறித்துண்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. காலையில்தான் நெய்ச்சோறு தின்றுவிட்டு வந்திருந்தது. கம்பை ஓங்கியபோது கொட்டாவி விட்டது. பிறந்தது முதல் அதன் முதுகில் கம்பு பட்டதே இல்லை. பல்லைப் பார்த்தபோது சும்மா இருந்தது. தினமும் ஐந்து வேலைக்காரர்கள் அதைக் குளிப்பாட்டித் துடைத்தார்கள்.

மற்ற நாய்கள் எல்லாம் கறியைக் கண்டதும் பாய்ந்தன. கம்பைக் கண்டதும் பதுங்கின. ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டிப் படகுத்துறைக்கு இழுத்துப்போனார்கள். பின்னாலேயே அவற்றை வளர்த்தவர்கள் அழுதுகொண்டு ஓடினார்கள்.

கடைசியாக மாயக்காள் என்ற இடைச்சி தன் நாயோடு வந்தாள். புருஷன் இல்லாதவள், அறுபது ஆடுகளைத் தனியாக மேய்ப்பவள். நாயின் பெயர் கருப்பட்டி. ஓநாயோடு மல்லுக்கட்டியதில் ஒரு காதில் பாதி போயிருந்தது. கறித்துண்டை வைத்த கை எடுப்பதற்குள் கருப்பட்டி அதை விழுங்கிவிட்டது. சேனாதிபதி கம்பை ஓங்கினார். மாயக்காள் பின்னால் நின்றாள். கருப்பட்டி பாய்ந்து கம்பைக் கவ்விப் பிடுங்கித் தூரப் போட்டது. வைத்தியர் கையை நீட்டியபோது அது உறுமிய உறுமலில் அவர் இரண்டு அடி பின்வாங்கினார்.

"மூன்றிலும் தோல்வி!" என்று சேவகன் கத்தினான்.

"தோல்வியாவது, மண்ணாவது!" மாயக்காள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நேத்துலேருந்து இதுக்கு ஒரு வாய் கூழ் கூட ஊத்தலைய்யா. எனக்கே இல்ல. பசிச்ச சீவன் கறியைத் திங்காம என்ன செய்யும்? என்னை அடிக்க வர்றவரைப் பாத்துக்கிட்டு நிக்கிற நாய் எனக்கு எதுக்கு? இது அக்கரைக்குப் போனா நானும் அறுபது ஆட்டையும் ஓட்டிக்கிட்டு அரண்மனை வாசல்ல வந்து உக்காந்துடுவேன், பாத்துக்கோங்க!"

உலகளந்தானால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு அரசர் முன் போய் நின்றான்.

"அரசே! இது அக்கிரமம்."

அரசரிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன், சிரிப்பில்லாமல் ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எது அக்கிரமம்?"

"இங்கே அடக்கத்தைச் சோதித்தார்களா, பட்டினியைச் சோதித்தார்களா? தின்றுவிட்டு வந்தது தேறியது. பசியோடு வந்தது தோற்றது. இதைக் கண்டுபிடிக்க மூன்று பெரியவர்கள் எதற்கு?"

பிரதானியின் முகம் சிவந்தது. சேனாதிபதியைப் பார்த்தார், சேனாதிபதி வைத்தியரைப் பார்த்தார். இத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம் தானாக மடியில் வந்து விழுந்தது.

"பிரபு!" என்றார் பிரதானி. "சோதனை தவறு என்கிறான். அப்படியானால் அவனே நிரூபிக்கட்டும். எட்டு நாள் கழித்து இதே இடத்தில் இதே சோதனை நடக்கும். இதே கறி, இதே கம்பு, இதே கை. மயிரிழை மாற்றமும் கூடாது. தோற்ற இந்த நாய் தேறி, தேறிய ஒன்பதும் தோற்றால் அவன் சொன்னது மெய். இல்லையென்றால் படகில் அவனுக்கும் ஓர் இடம் கொடுங்கள்."

சேனாதிபதி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "சோதனை முடியும்வரை ஒருவரும் இடத்தை விட்டு எழக் கூடாது, பிரபு. இவன் நடுவில் ஏதாவது தில்லுமுல்லு செய்வான்."

அரசர் உலகளந்தானைப் பார்த்தார். "சம்மதமா?"

"சம்மதம், அரசே. எட்டு நாளும் பத்து நாய்களும் என் பொறுப்பில் இருக்க வேண்டும். சோதனை அவர்கள் பொறுப்பு. நான் அதைத் தொடவே மாட்டேன்."

அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வைத்தார்கள்.

உலகளந்தான் அன்று மாலையே ஒன்பது நாய்களையும் மாயக்காளிடம் ஓட்டிவிட்டான். "தாயி, கருப்பட்டிக்கு என்ன போடுவாயோ அதையே இதுகளுக்கும் போடு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கருப்பட்டி செய்த வேலையை இதுகளும் செய்யட்டும்."

"ஒருவேளைக் கூழும், ராவெல்லாம் ஆட்டுக் கிடைக் காவலும்தான் சாமி. இந்தப் பட்டுக்குட்டிகளுக்கு அது தாங்குமா?"

"கருப்பட்டிக்கு ஏழு வருஷமாகத் தாங்கியதே!"

கருப்பட்டியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் மனைவி செண்பகவல்லி நாயின் விலா எலும்பைப் பார்த்துவிட்டு உடனே அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு நாளைக்கு நான்கு வேளை கறிச்சோறு. அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சோற்றை உருட்டி உருட்டி அதன் வாய்க்குள்ளேயே வைத்தார்கள். கோயில் திருவிழாவுக்குக் கோலாட்டம் பழகும் பெண்களை உலகளந்தான் தன் வீட்டு முற்றத்தில் வந்து பழகச் சொன்னான். முதல் நாள் கோல்களைக் கண்டு கருப்பட்டி மூலையில் நின்று உறுமியது. மூன்றாம் நாள் நடுவில் வந்து படுத்தது. ஆறாம் நாள் தாளத்துக்கு வால் ஆட்டியது.

இதற்குள் ஒவ்வொரு மாலையும் அக்கரையிலிருந்து ஊளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அரசர் ஆற்றுப்பக்கத்துச் சாளரத்தைச் சாத்தச் சொல்லிவிட்டார். உலகளந்தான் மட்டும் தினமும் துறையில் போய் நின்று அதைக் கேட்டுவிட்டு வந்தான். ஒவ்வொரு நாளும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலை திடல் நிரம்பி வழிந்தது. அரசரும் மூன்று பெரியவர்களும் ஆசனங்களில் அமர்ந்தார்கள். அன்று உலகளந்தான் அவசரமே படவில்லை. ஒவ்வொரு நாயையும் அதன் எசமானரின் பட்டங்கள் அத்தனையும் சொல்லித்தான் ஆசனங்களுக்கு முன்னால் அழைத்தான். வெயில் ஏறியது.

மாணிக்கத்தின் முன் கறித்துண்டை வைத்தார்கள். அது கறியைத் தின்று, தட்டை நக்கி, வைத்தவனின் விரலையும் நக்கியது. கம்பை ஓங்கியதும் சேனாதிபதியின் சொந்த நாயே அவர் வேட்டியைக் கவ்வியது. எட்டு நாள் ஓநாய் வராமல் காவல் இருந்த பழக்கம். வைத்தியரின் நாய் வைத்தியரின் விரலையே பதம் பார்த்தது. ஒன்பதும் தோற்றன.

பிறகு கருப்பட்டி. கறித்துண்டை ஒருமுறை மோந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கம்பு உயர்ந்தது, வால் ஆடியது. வைத்தியர் பயந்து பயந்து கையைக் கொண்டுபோனார். கருப்பட்டி சோற்று உருண்டை வரும் என்று தானாகவே வாயை ஆவென்று திறந்து காட்டியது.

"மோசடி!" பிரதானி எழுந்தேவிட்டார். "சோதனையை மாற்றிவிட்டான்!"

"உட்காருங்கள், பிரதானியாரே! சோதனை முடியவில்லை, எழக் கூடாது." உலகளந்தான் ஓலையைப் பிரித்தான். "இதே கறி, இதே கம்பு, இதே கை. எதை மாற்றினேன்? முந்தின வேளைச் சாப்பாட்டைப் பற்றி இதில் ஓர் எழுத்தாவது இருந்தால் காட்டுங்கள். குணம் பிறவியில் வருவது என்றாரே வைத்தியர், எட்டு நாளில் பத்துப் பிறவி எப்படி மாறியது?"

அரசர் சிரிக்கவில்லை. புருவம் சுருங்கியது. "சாமர்த்தியம்தான். ஆனாலும் உயர்ந்த பிறவி பசியிலும் தன்னை அடக்கும். நாய்க்கு முடியாது போகலாம். மனிதருக்கு முடியும்."

"நன்றாகச் சொன்னீர்கள், பிரபு!" என்றார் பிரதானி. "என்னால் இரண்டு நாள்கூட முடியும்."

உலகளந்தான் கையைத் தட்டினான். மடைப்பள்ளி ஆட்கள் வந்து நான்கு ஆசனங்களுக்கு முன்னும் இலை போட்டார்கள். ஆவி பறக்கும் சோறு, கறிக்குழம்பு, வடை, அப்பளம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத நான்கு தொண்டைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின.

"அதே சோதனைதான், அரசே. 'உண்க' என்று நான் சொல்லும்வரை யாரும் இலையைத் தொடக் கூடாது. அதுவரை, அக்கரைக்குப் போன நாய்களின் பெயரை வாசிக்கிறேன். சோதனைக்கு வந்தபோது அவை எத்தனை நாள் பட்டினி என்று வளர்த்தவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன். வண்ணார் வீட்டு வெள்ளையன்: ஒரு நாள் பட்டினி. செக்கடிச் செவலை: இரண்டு நாள் பட்டினி. மூன்று குட்டி போட்டிருந்த பூதனூர் மணி..."

அவன் குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்த குரல் அது. இருபதாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது.

நொறுக்.

எல்லாரும் பிரதானியைப் பார்த்தார்கள். அவர் நெற்றி வியர்க்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். சேனாதிபதி கண்ணை மூடியிருந்தார். வைத்தியர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசரின் கையில் பாதி அப்பளம் இருந்தது. மீதிப் பாதி வாயில்.

அரசர் கையிலிருந்த அப்பளத்தைப் பார்த்தார். எப்போது எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மெல்ல மென்று விழுங்கினார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. ஆசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஓடக்காரனைக் கூப்பிடுங்கள்! நான் அக்கரைக்குப் போக வேண்டும்!"

"படகு போகட்டும், அரசே. தாங்கள் இங்கேயே இருங்கள். வரும்போது அது நிறைந்து வர வேண்டும்."

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். நாய்களை அக்கரைக்கு அனுப்பிய ஆணையோலையை வாங்கி அங்கேயே கிழித்தார். இருக்கும் படகு எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, குனிந்து, உலகளந்தானின் கழுத்தில் போட்டார். மாயக்காளின் கிடைக்கு அரண்மனையிலிருந்து நாள்தோறும் சோறு போக வேண்டும் என்றும், நாய்ச் சோதனை வைத்த மூவரும் தங்கள் கையாலேயே கொண்டுபோக வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

"பிரபு..." பிரதானி ஈனசுரத்தில் கேட்டார். "நாங்கள் உண்ணலாமா?"

"அவனைக் கேளுங்கள்" என்று அரசர் மறுபடி சிரித்தார். உலகளந்தான் இன்னும் ஐந்து பெயர் வாசித்துவிட்டுத்தான் "உண்க" என்றான்.

மாலையில் படகுகள் வந்தன. போனவற்றில் சில திரும்பவில்லை. முத்துமாலையோடு துறையில் நின்ற உலகளந்தான் அவற்றின் பெயரையும் வாசித்தான். கேட்க வேண்டியவர்கள் காதில் விழுகிற மாதிரி.

மாயக்காள் மட்டும் மறுநாள் அவன் வீட்டு வாசலில் சண்டைக்கு வந்தாள். "என்ன சாமி, என் நாயை இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க? கூழு ஊத்துனா மூஞ்சியைத் திருப்பிக்கிது. கம்பெடுத்து ஆட்டை ஓட்டுனா வாலை வாலை ஆட்டுது!"

பக்கத்தில் கருப்பட்டி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு செண்பகவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தது.