காலிப் பொந்துக்குப் பழம் கொண்டுவந்த இருவாச்சி

மலைச்சோலை ஒன்றில் பெருமூக்கன் என்ற ஆண் இருவாச்சிப் பறவை வாழ்ந்து வந்தான். மூக்கின் மேல் இன்னொரு மூக்கைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும் அவன் அலகு. அவன் சிறகடித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சேற்றையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழையுமளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். உள்ளே இருக்கையில் அதன் இறகும் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு. ஆண் வராவிட்டால் இரண்டும் பட்டினிதான்.

பெருமூக்கனின் துணை போன மழைக்காலத்துப் புயலில் இறந்துபோனாள். அடுத்த பருவம் வந்ததும் மற்ற ஆண் பறவைகள் பழம் தேடிக் கிளம்பின. பெருமூக்கனும் கிளம்பினான். தொண்டை நிறைய அத்திப்பழத்தை அடக்கிக்கொண்டு வந்து, தன் பழைய பொந்தின் வாசலில் உட்கார்ந்து மரத்தைத் தட்டுவான். பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கி விளிம்பில் வைப்பான். வாங்க ஆளில்லாமல் அவை உருண்டு கீழே விழும். அவனும் மறுபடி பழம் தேடப் போவான்.

அதே மரத்தின் கீழ்க்கிளையில் சடைவாலி என்ற மலை அணில் குடியிருந்தாள். விழுந்த பழமெல்லாம் அவளுக்குத்தான். வயிறு நிறைந்தாலும் அவள் வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, பழம் அருமையா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. உள்ள யாருமே இல்லியே, யாருக்கு ஊட்டுற?"

"தின்னமா போனமான்னு இரு," என்றான் பெருமூக்கன்.

சாயங்காலமானால் மற்ற இருவாச்சிகள் உச்சி மரத்தில் கூடி, "வாப்பா, எங்களோட வந்து தங்கு," என்று கூப்பிடும். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். பொந்தின் வாசலிலேயே தனியாக உட்கார்ந்திருப்பான். அவனைக் குறை சொல்லவும் அவற்றுக்கு மனம் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த அன்பு பழம் கொண்டுவருவது ஒன்றுதான். அதை நிறுத்தினால் அவளை இன்னொரு தடவை சாகவிடுவதுபோல் இருந்தது அவனுக்கு.

ஒருநாள் சடைவாலி பழத்தைத் தொடாமல் மேலே ஏறி வந்தாள்.

"அண்ணே, ஓடைக்கு அந்தப் பக்கம் வெண்கண்ணி அடைகாத்தாளே, அவ வீட்டுக்காரனைக் கழுகு அடிச்சிருச்சு. தாயும் குஞ்சும் உள்ள பட்டினி கிடக்குதுங்க. நான் பழம் கொண்டுபோனேன். குஞ்சைத் தூக்க வந்தேன்னு நெனச்சு மூக்கிலேயே கொத்திட்டா. உன் இனத்துக்காரி, நீ போ."

"நான் பழம் கொண்டு வர்றது இந்த வாசலுக்கு. அது என் வாசல் இல்ல," என்றான் பெருமூக்கன்.

"நீ அங்க போனா எனக்குத்தான் நஷ்டம். நாளையிலிருந்து நான் மரம் மரமாத் தேடணும். தெரிஞ்சுதான் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அணில் இறங்கிப் போனாள்.

பெருமூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வழக்கம்போல் மரத்தைத் தட்டினான். பழத்தை வைத்தான். அது உருண்டு விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குஞ்சின் குரல் கேட்டது. மெலிந்த குரல். அடுத்த பழத்தை விளிம்பில் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. மிச்சப் பழங்களைத் தொண்டையிலேயே அடக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பறந்தான்.

வெண்கண்ணியின் மரத்தில் உட்கார்ந்து அலகால் தட்டினான். மறுபடி தட்டினான்.

"யாரு? இது எங்க வீட்டுக்காரர் தட்டுற தட்டு இல்லையே," என்றது ஒரு குரல்.

"இல்ல, தாயி. நான் பெருமூக்கன். பழம் கொண்டாந்திருக்கேன்."

"வேண்டாம், போயிருங்க. அவர் வருவார். வேற அலகிலிருந்து நான் வாங்க மாட்டேன்."

இத்தனை நாளும் பெருமூக்கன் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு, அடைத்த வாசலுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அப்படிப் பேசினால் என்ன ஆகும் என்பதும் இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. உள்ளே ஓர் உயிர் காய்ந்துகொண்டிருந்தது.

"தாயி, நான் உன் வீட்டுக்காரன் இல்ல. அவன் இடத்துக்கும் வரல. என் வீட்டுக்காரியும் போயிட்டா. அவ வருவான்னு நானும் காலிப் பொந்துக்குப் பழம் வச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். அவ வரல. உனக்கு உள்ள குஞ்சு இருக்கு. அதுக்காவது வாங்கிக்க."

ஒரு பழத்தைக் கீறலில் நீட்டினான். தாய் அசையவில்லை. ஆனால் குஞ்சுக்கு யார் தட்டினால் என்ன? சின்ன அலகு ஒன்று வெளியே நீண்டு, பழத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. பெருமூக்கன் அப்படியே நின்றான். அவன் நீட்டிய பழத்தை ஓர் உயிர் வாங்கி எத்தனை காலமாகிவிட்டது! அடுத்த பழத்தைக் கக்குமுன் அவன் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தாயின் அலகும் மெல்ல வெளியே வந்தது.

"நாளைக்கும் வருவீங்களா அண்ணே?"

"விடிஞ்சதும் வந்துருவேன், தங்கச்சி."

அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் வந்தான். வெண்கண்ணிக்கு மறுபடி இறகு முளைத்தது. வாசலை உடைத்துக்கொண்டு தாயும் குஞ்சும் வெளியே வந்தபோது உச்சி மரத்துப் பறவைகளெல்லாம் கூடிவிட்டன. குஞ்சு தத்தித் தத்திப் பறந்து, நேராகப் பெருமூக்கன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் அவனை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவனே அவர்களோடு தங்கப் போனான்.

மறுநாள் பழைய பொந்தைப் பார்த்துவிட்டு வரலாமென்று போனான். இளம் இருவாச்சி ஜோடி ஒன்று வாசலில் தயங்கி நின்றது.

"இது உங்க வீடாமே? அணிலக்கா சொன்னாங்க," என்றது பெண் பறவை.

பெருமூக்கன் பொந்தை ஒருமுறை கண்குளிரப் பார்த்தான்.

"உள்ள போய்ப் பாரும்மா. மழைக்கு ஒழுகாது. என் வீட்டுக்காரி தேடிப் பிடிச்ச பொந்து," என்றான்.

பிறகு தொண்டையில் வைத்திருந்த அத்திப்பழம் ஒன்றைக் கீழ்க்கிளையைப் பார்த்துப் போட்டான். சடைவாலி தாவிப் பிடித்துக்கொண்டாள்.

நீதி: பிரிந்தவரை மறக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் நினைவைக் கொண்டே மனத்தின் வாசலை அடைத்துக்கொள்ளாமல், நம் அன்புக்காகக் காத்திருக்கும் புதிய உறவுகளுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும்.