புது ஓடு இறுகும் வரை

கிர்ர்ர்... டக்!

இருட்டிய பிறகு கேட்ட அந்தச் சத்தத்தில் பவளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் நடுங்கின.

பவளி ஒரு நண்டு. கழிமுகத்தை ஒட்டிய அலையாத்திக் காட்டில், சேற்றுக்குள் ஒரு வளை. அதில் அவளும் மகன் உப்பிலியும் இருந்தார்கள். வளைக்குக் கதவு உண்டு. கதவென்றால் சேற்று உருண்டைதான். உள்ளே இருந்தபடி அதை இழுத்து வாசலை அடைத்துவிட்டு, குறுக்கே ஒரு குச்சியைச் செருக வேண்டும். அந்தக் குச்சிதான் தாழ்ப்பாள்.

பவளி கதவை அடைப்பாள். தாழ்ப்பாள் மட்டும் போட மாட்டாள்.

காரணம் இருந்தது. அவள் கணவன் சேந்தன், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மணல்திட்டுக்குப் போயிருந்தான். "இங்கே ஒவ்வொரு மழைக்கும் வளை இடியுது. அங்கே உறுதியா ஒண்ணு தோண்டிட்டு உங்களைக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன், இன்னும் கூப்பிடவில்லை. ஏதாவது ஓர் இரவில் திரும்பி வந்து கதவைத் தள்ளினால்? தாழ்ப்பாள் போட்டிருந்தால், அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து வெளியிலேயே நின்றுவிடுவானோ?

அதனால் குச்சி சுவரோரம் சும்மா சாய்ந்து கிடந்தது. பவளி தினமும் பயந்துகொண்டே படுத்தாள்.

கிர்ர்ர்... டக்!

'நீர்நாய்தான்! நகத்தால் கதவைச் சுரண்டுகிறது!' பவளி குச்சியை எடுத்தாள். செருகப் போனாள். கை பாதியில் நின்றது. 'அவராக இருந்தால்?'

"யாரு?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பதில் வெளியிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நான்தான்மா!"

திரும்பினாள். அங்கே இரண்டு உப்பிலிகள் இருந்தார்கள்! ஒருவன் அசையாமல் கிடந்தான். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடு. இன்னொருவன் அதன் பின்பக்கப் பிளவு வழியாகக் கடைசிக் காலை உருவிக்கொண்டிருந்தான். வெளிறிப்போய், பளபளவென்று இருந்தான். பழையவனைவிடப் பெரியவனாகவும் இருந்தான்.

"சட்டை பத்தலம்மா, கிழிஞ்சிடுச்சு!" என்றான் உப்பிலி.

பவளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நண்டுக் குழந்தைகள் இப்படித்தான் வளரும். பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டதும் உடம்பு ஊதிப் பெரிதாகும். ஆனால் புது ஓடு சில நாள் வரை ஈரத்தோல் மாதிரி மெத்தென்று கிடக்கும். பவளிக்கு இது தெரியாததில்லை.

ஆனால் அன்றிரவு அவளுக்கு வேறொன்றுதான் நினைவு வந்தது. மறுநாள் பௌர்ணமி. கப்பல் கிளம்பும் நாள்!

மீனவர்கள் யாரோ கைவிட்ட பழைய கட்டுமரம்தான் அந்தக் கப்பல். பௌர்ணமிக்குக் கடல் நீர் பெருகி ஏறும்போது அது மிதக்கும். நண்டுக் குடும்பங்கள் எல்லாம் அதில் ஏறி உல்லாசப் பயணம் போகும். அலையாத்தி நிழலில் ஊர்ந்து, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, மணல்திட்டில் இறங்கி, அமாவாசைக்குத் திரும்பும்.

மணல்திட்டு! சேந்தன் இருக்கும் இடம்!

போன தடவை உப்பிலியைக் கப்பலில் ஏற்றவில்லை. மரத்தில் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் பிள்ளை அந்தக் கோட்டைத் தொட வேண்டும். உப்பிலிக்கு ஒரு நகத்தளவு எட்டவில்லை.

இப்போது எட்டும்.

'காலைக் காற்று பட்டால் ஓடு இறுகிவிடும்' என்று பவளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படி இறுகாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் கட்டுமரத்தைச் சுற்றி ஒரே கூச்சல். கப்பல் தலைவர் சுருளாண்டி ஒரு சங்கு நண்டு. முதுகில் பெரிய சங்கைச் சுமந்தபடி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"வரிசை! வரிசை! முந்தாதீங்க! பிள்ளைங்களைக் கோட்டுக்கிட்ட நிறுத்துங்க!"

பக்கத்து வளைத் தில்லையக்கா தன் பிள்ளைகளோடு முன்னால் நின்றாள். பவளியைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு.

"அடியே பவளி! இவன் உன் உப்பிலியா? நேத்து வரைக்கும் கடுகாட்டம் இருந்தானேடி!"

"வளர்ந்துட்டான்க்கா" என்றாள் பவளி. 

உப்பிலி கோட்டுக்குக் கீழே நின்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். தலை கோட்டைத் தாண்டியது!

"தொட்டாச்சு! பெரிய மனுஷன்! ஏறு, ஏறு!" என்றார் சுருளாண்டி.

புது ஓடா, பழைய ஓடா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் பவளியும் சொல்லவில்லை.

கட்டுமரத்தில் ஏறியதும் அவளுக்கு நெஞ்சு லேசானது. எத்தனை நாளாயிற்று இப்படி நாலு பேர் நடுவில் உட்கார்ந்து! ஒருத்தி பாசியை நீட்டினாள். இன்னொருத்தி, "உன் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்ததும் மயங்கி விழப்போறார் பாரு!" என்று கேலி செய்தாள். பவளி வெட்கப்பட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது.

அப்போது தில்லையக்காவின் கடைக்குட்டி சுண்டு ஓடி வந்தான்.

"உப்பிலி! நீயும் வர்றியா? கையைக் கொடுடா!"

சந்தோஷத்தில் உப்பிலியின் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினான். நண்டுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். பிடித்துவிட்டு அவன் பாட்டுக்கு ஓடிப்போனான்.

உப்பிலி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டு."

"வலிக்கலம்மா! சத்தியமா வலிக்கல!"

பவளி கையை இழுத்துப் பார்த்தாள். ஈரச் சேற்றில் கால் வைத்த தடம் போல, கையில் ஒரு குழி. சுண்டு பிடித்த இடம் அப்படியே அமுங்கிப் போயிருந்தது.

அவள் உப்பிலியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு கடலைப் பார்த்தாள். தூரத்தில், வெயிலில், ஒரு கீற்று மாதிரி மணல்திட்டு தெரிந்தது. அங்கே எங்கேயோ சேந்தன் மணலை அள்ளி வெளியே எறிந்துகொண்டிருப்பான்.

ஒரு குழந்தை ஆசையாகத் தொட்டதற்கே இந்தக் குழி. அலை தூக்கி மரத்தில் அடித்தால்? விலாங்கு மீன் ஒரு தடவை வாயைத் திறந்தால்?

தண்ணீர் ஏறிவிட்டது. கட்டுமரம் மெல்ல ஆடத் தொடங்கியது.

"நாங்க இறங்குறோம்" என்றாள் பவளி.

"என்னது!" சுருளாண்டி சங்கோடு ஓடி வந்தார். "கோட்டைத் தொட்ட பிள்ளையை இறக்குறீங்களா? என் கப்பலுக்கு இப்படியொரு அவமானமா!"

"உங்க கோட்டுக்கு உயரம் மட்டும்தான் தெரியுது ஐயா. இவன் நேத்து ராத்திரிதான் ஓடு கழற்றினான். நான் சொல்லாம ஏறிட்டேன். தப்பு என்னுதுதான்."

சுருளாண்டி உப்பிலியின் கையை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் உடம்பிலும் பாதி இப்படித்தாம்மா. அதான் இந்த வீட்டை முதுகில் தூக்கிக்கிட்டுத் திரியுறேன். பெரிய தலைவன்னு பேர்! பார்த்து இறங்குங்க."

தில்லையக்காவுக்குக் காரணம் காதில் விழவில்லை. அவள் விடவில்லை. "பயந்தாங்கொள்ளி! இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சுக்கோ! நாளைக்கு மருமக வந்துதான் அவனுக்குப் பாசி ஊட்டணும்!"

பவளி சேற்றில் இறங்கி நின்றாள். "அக்கா, அவரைப் பார்த்தா உப்பிலி வளர்ந்துட்டான்னு சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா... உயரம் வந்திடுச்சு, கெட்டி இன்னும் வரலன்னு சொல்லுங்க."

கட்டுமரம் போயே விட்டது. சிரிப்புச் சத்தம் முதலில் சிறுத்தது. பிறகு அதுவும் இல்லை.

அதற்கப்புறம்தான் பவளிக்குத் தனிமை என்றால் என்னவென்று புரிந்தது. முன்பெல்லாம் பக்கத்து வளையில் தில்லையக்கா பிள்ளைகளைத் திட்டுவதாவது கேட்கும். இப்போது எல்லா வளைகளும் வெறிச்சோடிக் கிடந்தன. சேற்றில் அவள் காலடி மட்டுமே பதிந்தது. தண்ணீர் வந்து அதையும் அழித்துவிட்டுப் போனது.

உப்பிலியும் அவளோடு பேசவில்லை. மூலையில் உட்கார்ந்து தன் பழைய ஓட்டோடு பேசிக்கொண்டிருந்தான்.

"டேய் சின்னவனே! உன்னாலதான் அன்னைக்கு என்னால போக முடியல. இன்னைக்கு இந்த அம்மாவால போக முடியல. நம்ம ரெண்டு பேருக்கும் அதிர்ஷ்டமே இல்லடா!"

பவளி திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைக் கேட்காத மாதிரி இருப்பது அவளுக்குப் பெரும் பாடாக இருந்தது.

ஆனால் தினமும் விடிந்ததும் மகன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் 'தொப்' என்றது. அப்புறம் 'தொக்' என்றது. கையில் விழுந்த குழியும் கொஞ்சம் கொஞ்சமாக மேடாகி, ஒரு தழும்பு மட்டும் நின்றது.

ஒரு நாள் உப்பிலி கதவு உருண்டையைத் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை. அவன்தான் வழுக்கி விழுந்தான். பவளி உதவிக்கு ஓடினாள். "வேண்டாம்! நானே!" என்று கத்தினான். பவளி நின்றுவிட்டாள். கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் மாலை. பவளி பாசி பொறுக்க வெளியே போனாள். பொறுக்கியவள், கப்பல் தெரிகிறதா என்று கடலைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். காலடியில் தண்ணீர் சில்லென்று பட்ட பிறகுதான் திரும்பினாள். கடல் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது!

'ஐயோ! கதவு திறந்து கிடக்கிறதே! பிள்ளை உள்ளே தனியாக இருக்கிறானே!'

பக்கவாட்டில் அவள் ஓடிய ஓட்டம் அவள் வாழ்நாளிலேயே ஓடாத ஓட்டம். பாசியெல்லாம் வழியில் சிதறியது. வாசலுக்கு வந்தாள்.

கதவு அடைத்திருந்தது.

தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஊஹூம். உள்ளே குறுக்காகக் குச்சி விழுந்திருந்தது!

"உப்பிலி! உப்பிலி! கதவைத் திறடா!"

"யாரு?" உள்ளிருந்து ஓர் அதட்டல்.

"அம்மாடா!"

"அம்மான்னு நீர்நாய்கூடச் சொல்லும். அடையாளம் சொல்லு!"

பவளிக்கு மூச்சு வாங்கியது. "என்ன அடையாளம்டா?"

"என் பழைய ஓட்டுல எந்தக் கால் இல்ல?"

"இடது பக்கம் மூணாவது! சுண்டுவோட சண்டை போட்டு ஒடிச்சுக்கிட்டு வந்தே. நாலு நாள் என்கிட்ட மறைச்சே!"

உள்ளே கொஞ்ச நேரம் யோசனை. "சரியாத்தான் இருக்கு. ஆனா உன் குரல் நடுங்குது. எங்கம்மா குரல்..." மறுபடியும் யோசனை. "எங்கம்மா குரலும் நடுங்கும்தான்."

பவளி வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. எத்தனையோ இரவு அவள் தனியாக இருந்திருக்கிறாள். அப்போதெல்லாம் கதவுக்கு உள்ளே இருந்தாள். மகன் அடைத்த கதவுக்கு வெளியே நிற்பது இதுதான் முதல் தடவை. இந்தத் தனிமையும் வலித்தது. ஆனாலும் இதில் பயம் இல்லை.

குச்சியை உருவும் சத்தம் கேட்டது. கதவு நகர்ந்தது. பவளி உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக மகன் முதுகில் தட்டினாள்.

டக்!

கல்லைத் தட்டியது போல இருந்தது.

"நீயா அடைச்சே? நீ மட்டுமா?"

"தண்ணி வருதுன்னு தெரிஞ்சுது. நீ இல்ல. அப்ப நான்தானே அடைக்கணும்?" என்றான் உப்பிலி. அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

"அடுத்த பௌர்ணமிக்குக் கப்பல் ஏறலாம்டா" என்றாள் பவளி.

"கோடு?"

"அந்தக் கோட்டை விடு. நான் அளந்துட்டேன்."

உப்பிலி ஒரு சுற்றுச் சுற்றி ஆடினான். பிறகு ஞாபகம் வந்தவனாக ஓடிப்போய்க் கதவை இழுத்து அடைத்தான். குச்சியைத் தூக்கினான். செருகாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ராத்திரி அப்பா வந்தா?"

பவளி குச்சியைப் பார்த்தாள். அது இத்தனை நாள் சாய்ந்து கிடந்த சுவரோரத்தைப் பார்த்தாள். வெளியே தண்ணீர் சலசலத்து ஏறியது.

"தட்டட்டும். அடையாளம் கேட்டுட்டுத் திற."

உப்பிலி குச்சியைக் குறுக்கே செருகி, இரண்டு கையாலும் அழுத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

தாயின் தனிமைக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் பிள்ளையின் ஓடு தன் நேரத்தில்தான் இறுகும். அதுவரை கரையில் காத்திருக்கத் தெரிந்தவளே பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப் போகத் தகுந்தவள்.