அகழிப் பாலம்

படைத்தலைவன் அந்துவன் தன் குருவின் குடிலுக்கு வந்தபோது, பின்னால் மூன்று பையன்களைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தான்.

வீட்டுக்கு ஒருவன் என்று அரசன் பறையறைந்து பிடித்துச் சேர்த்த பையன்கள் அவர்கள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பாசறையிலிருந்து ஓடிப்போய்க் காட்டில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஓடியவர்களைத் தூக்கில் போட்டுவிட்டு மறுபடியும் பகைவர் கோட்டையைத் தாக்கும்படி அரசாணை வந்திருந்தது.

குரு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்துவனுக்கு எழுத்தும் வாளும் சொல்லிக்கொடுத்தவர்.

“ஐயா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை,” என்றான் அந்துவன். “இவர்கள் குடிக்கும் கூழைத்தான் நானும் குடிக்கிறேன். வெறுந்தரையில்தான் படுக்கிறேன். ஒருவனையும் கை நீட்டி அடித்ததில்லை. போரில் முதல் ஆளாகப் போகிறேன். ஒரு தலைவனிடம் இதற்கு மேல் என்னதான் வேண்டும் இவர்களுக்கு?”

“என்னை ஏன் கேட்கிறாய்? கட்டை அவிழ்த்துவிடு. முதலில் சாப்பிடட்டும்.”

பையன்கள் கொதிக்கும் கஞ்சியை ஊதக்கூடப் பொறுக்காமல் குடித்தார்கள். காதில் காயத்துணி சுற்றியிருந்தவன் பெயர் கூத்தன். குரு அவன் எதிரே உட்கார்ந்தார்.

“உங்கள் தலைவர் கோழையா?”

“ஐயோ, இல்லை சாமி.”

“கொடுமைக்காரரா?”

“காய்ச்சலில் கிடந்தபோது தன் போர்வையை எனக்குப் போர்த்திவிட்டார்.”

“பிறகு ஏன் ஓடினாய்?”

கூத்தன் அந்துவனைப் பார்த்தான்.

“சொல்லு,” என்றான் அந்துவன்.

“அகழிப் பாலத்தில் கால் வைத்தால் மேலிருந்து அம்பு வரும் என்று எங்களுக்கே தெரிந்தது. இவருக்குத் தெரியாதா? அரசர் போகச் சொல்லி ஆள் அனுப்பினார். இவர் எங்களை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வாளை உருவிக்கொண்டு முன்னால் ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். என் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறார்கள்.”

அவன் கஞ்சிக் கலத்தைக் கீழே வைத்தான்.

“இவருக்குச் சாகப் பயமே இல்லை சாமி. அதுதான் எங்களுக்குப் பயம்.”

அந்துவனின் முகம் வெளிறிப்போயிற்று.

“நான் என்ன செய்திருக்க முடியும் ஐயா?” என்றான். “அனுப்பமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அரசர் என் தலையை வாங்கியிருப்பார்.”

“அந்தத் தலையைத்தானே பாலத்தில் கொடுக்கத் துணிந்தாய்?”

அந்துவன் இடுப்பிலிருந்த வாளைக் கழற்றிக் குருவின் காலடியில் வைத்துவிட்டு, தலைநகர்ச் சாலையில் தனியாக நடந்தான்.

கூத்தன் பதறிப்போய் எழுந்தான். “அரசரிடமா போகிறார்? கொன்றுவிடுவார்களே சாமி!”

“அது அவனுக்கும் தெரியும்,” என்றார் குரு. “நீங்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். இந்தத் தடவை அகப்படாதீர்கள்.”