கிளியும் கடைசி வரியும்

பேச்சியம்மாள் பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். வயது முப்பத்தொன்பது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணினித் திரையிலும் கைபேசியிலும் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதினார். அதற்குச் செவிவழி என்று பெயர். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தன் பெயரில் நடத்தவும் செய்யலாம்.

ஐசக் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தோரு வயதாகும் அவர் மூன்று ஆண்டுகளாகப் பேச்சியம்மாளிடம் நிரல் எழுதக் கற்றுவந்தார். தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பேச்சியம்மாள் அவரை அண்ணாச்சி என்பார். வங்கிக்கு விடுமுறை விடும் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மடிக்கணினியோடு ஐசக் வந்துவிடுவார்.

அன்றைக்கு ஒன்பதரைக்கே வந்தார்.

"டீச்சர், செவிவழி ரெண்டாப் போகப்போகுது."

"உக்காருங்க. தண்ணி குடிங்க."

ஐசக் தண்ணீர் குடிக்கவில்லை.

செவிவழிக்குத் தொடக்கத்திலிருந்து கிளிதான் சின்னம். விரித்த புத்தகத்தின் மேல் வாயைத் திறந்தபடி ஒரு பச்சைக்கிளி. கோயம்புத்தூரில் வரைகலை வேலை பார்க்கும் ஹாஜிரா என்ற பெண் ஒரு மாதம் உட்கார்ந்து புதிதாக ஒன்று வரைந்து கொடுத்திருந்தாள். மஞ்சள் வட்டத்துக்குள் தடித்த கறுப்பில் 'அ'. அதன் சுழி காதைப்போல் வளைந்திருக்கும். ஐசக் அதை இணையக் குழுமத்தில் போட்டார். பதினோரு நாளில் முந்நூற்று நாற்பது மடல்கள் வந்துவிட்டன.

கிளி சொன்னதையே சொல்லும், அது நமக்கு இழுக்கு என்றார் ஒருவர். கிளிதான் தமிழ் என்றார் இன்னொருவர். மஞ்சளும் கறுப்பும் டாக்சி மாதிரி இருக்கிறது என்றார்கள். 'அ' எல்லாரும் வைத்துக்கொள்கிற எழுத்து, 'ழ' போடு என்றார்கள். மட்டக்களப்பிலிருந்து யோகேஸ்வரி என்பவர், வரைந்த ஆளுக்குத் தமிழ் எழுத்தின் அழகே தெரியாது என்று எழுதினார். மலேசியாவின் கிள்ளானிலிருந்து சதானந்தன், புதிய சின்னம் வந்தால் செவிவழியின் நிரலை எடுத்துக்கொண்டு கிளியோடு தனியாகப் போவேன் என்று முந்தாநாள் அறிவித்திருந்தார். பன்னிரண்டு பேர் அவர் பின்னால் நின்றார்கள்.

"ஹாஜிரா படத்தை எடுத்துட்டா டீச்சர். மன்னிக்கவும், இனி நான் இந்தக் குழுமத்தில் இல்லைன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிட்டா."

"கேட்டேன்."

"எதைக் கேட்டீங்க?"

"முந்நூத்தி நாப்பதையும். நேத்து ஒருமட்டம், இன்னைக்குக் காலையில ஒருமட்டம்."

ஐசக்குக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. "அப்ப நீங்களே சொல்லிருங்க. ஓட்டு எடுப்போமா? இல்ல, இனி யாரும் எழுத முடியாம இந்த இழையைப் பூட்டிருவோமா?"

பேச்சியம்மாள் வலது கையை நீட்டினார்.

"ரெண்டையும் வரைங்க."

ஐசக் ஆட்காட்டி விரலால் அவர் உள்ளங்கையில் கிளியை வரைந்தார். மூக்கு, கண், கழுத்து வளையம், சிறகு, கால், புத்தகம். பாதியில் உள்ளங்கை கூசவே பேச்சியம்மாள் கையை இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினார். பிறகு ஐசக் வட்டம் போட்டு உள்ளே 'அ' எழுதினார். அது சட்டென்று முடிந்துவிட்டது.

"புதுசு லேசா இருக்கு."

"அப்ப புதுசுதான்னு எழுதிரட்டுமா? நீங்க சொன்னா அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க."

"அதனாலதான் சொல்லலை."

ஐசக் மடிக்கணினியைத் திறந்தார். பேச்சியம்மாள் கேட்டார்.

"வேற என்ன வந்திருக்கு?"

"வேற ஒண்ணும் இல்ல."

"செல்வக்கனின்னு ஒரு பிள்ளை எழுதியிருந்துச்சே."

ஐசக் அதைப் படித்திருந்தார். சாத்தான்குளத்திலிருந்து எழுதியிருந்தாள். பார்வையற்றவள். அடுத்த மாதம் அரசுப் பணித் தேர்வு. வரலாற்றுப் புத்தகத்தைச் செவிவழியில்தான் கேட்டுப் படிக்கிறாள். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கடைசி வரியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது, சரிசெய்து தர முடியுமா என்று கேட்டிருந்தாள். எழுதி ஒன்பது நாள் ஆகிவிட்டது. யாரும் பதில் போடவில்லை.

"பாத்தேன் டீச்சர். லோகோ பிரச்சினை முடியட்டும்னு இருந்தேன்."

"ம்."

"ஒரு காரியம் செய்யுதேன். அந்தப் பிள்ளை எழுதினதை எடுத்து அப்படியே லோகோ இழையில போடுதேன். முந்நூத்தி நாப்பது மடல் எழுதினீங்களே, இதுக்கு ஒருத்தராவது எழுதினீங்களான்னு கேக்குதேன். நாக்கைப் புடுங்குற மாதிரி."

"வேண்டாம்."

"ஏன்?"

"ஹாஜிராவுக்கு நடந்தது போதும் அண்ணாச்சி."

பேச்சியம்மாள் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இழையில எழுதினவங்க மொத்தம் எத்தனை பேரு?"

ஐசக் எண்ணினார். "ஐம்பத்தெட்டு."

"ஒவ்வொருத்தர் முகவரியா வாசிங்க."

முதல் கடிதத்தை அவர் எழுதும்போது ஐசக் திரையைப் பார்த்தார். அருப்புக்கோட்டையில் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவருக்கு. 'ஐயா, வணக்கம். கிளியின் கழுத்து வளையத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கேட்டேன். ஓர் உதவி வேண்டும். செவிவழி சில புத்தகங்களில் பக்கத்தின் கடைசி வரியை விட்டுவிடுகிறது. உங்களிடம் உள்ள ஏதாவதொரு தமிழ் மின்நூலைத் திறந்து மூன்று பக்கம் அதைப் படிக்கவிட்டு, நீங்களும் கூடவே பார்த்துக்கொண்டு வாருங்கள். எந்த வரி விடுபட்டது என்று எனக்கு எழுதுங்கள். பேச்சியம்மாள்.'

"எல்லாருக்கும் இதேதானா?"

"ஆமா."

"அப்ப குழுமத்திலயே ஒரு தடவை போட்டா போதுமே. எதுக்கு ஐம்பத்தெட்டு?"

"அடுத்த முகவரி சொல்லுங்க."

ஒவ்வொரு கடிதத்திலும் முதல் இரண்டு வரி வேறாக இருந்தது. யார் என்ன எழுதினார்கள் என்பது பேச்சியம்மாளுக்கு நினைவிருந்தது. யோகேஸ்வரிக்கும் போயிற்று. சதானந்தனுக்கும் போயிற்று. சதானந்தன் பெயர் வந்தபோது ஐசக் வாசிக்கத் தயங்கினார். பேச்சியம்மாள் விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐசக் வாசித்தார்.

மதியம் சாம்பார் சோறு சாப்பிட்டார்கள். நான்கு மணிக்குக் கடைசிக் கடிதம் போயிற்று. செல்வக்கனிக்குப் பேச்சியம்மாள் தனியாக எழுதினார். உன் கடிதத்துக்கு ஒன்பது நாள் பதில் சொல்லாமல் இருந்தது எங்கள் தப்பு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று.

ஐசக் கிளம்பும்போது சொன்னார். "நாலு பேரு பதில் போட்டா அதிசயம்."

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு பேர் எழுதிவிட்டார்கள்.

அருப்புக்கோட்டைக்காரர் மூன்று பக்கம் கேட்டதற்குப் பதினொரு புத்தகம் பார்த்து அட்டவணை போட்டு அனுப்பியிருந்தார். ஒரு கல்லூரி மாணவன், செவிவழியை முதல் தடவையாக இப்போதுதான் காதால் கேட்கிறேன், இதுவரை நிறுவிப் பார்த்ததே இல்லை என்று ஒத்துக்கொண்டிருந்தான். சிலர் உதவவில்லை. ஒருவர் முதலில் சின்னத்துக்கு முடிவு சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

யோகேஸ்வரியின் பதில் சுருக்கமாக இருந்தது. 'ஆறு புத்தகம் பார்த்தேன். பக்க எண் அடியில் இருக்கிற புத்தகங்களில் வரி விடுபடவில்லை. எண் மேலே இருக்கிற புத்தகங்களில்தான் கடைசி வரி போகிறது.'

ஐசக் அதை இரண்டாம் முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டார். உடனே பேச்சியம்மாளுக்கு போன் போட்டார்.

"டீச்சர், தப்பு என்னோடது."

"சொல்லுங்க."

"பக்க எண்ணை ஒவ்வொரு தடவையும் வாசிக்குது, இடைஞ்சலா இருக்குன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னால சொன்னாங்கல்லா. அடியில இருக்குறதை விட்டுட்டுப் போன்னு நான்தான் எழுதினேன். அடியில எண் இருக்கான்னு பாக்கச் சொல்லாம விட்டுட்டேன். எண் இல்லாத இடத்துல அது பாட்டுக்கு வரியை முழுங்கியிருக்கு. ரெண்டு வருஷமா."

"எனக்கும் தெரியாமப் போயிருக்கு. நானும் அதைப் பாத்துத்தானே சேத்தேன்," என்றார் பேச்சியம்மாள். "எத்தனை வரி மாத்தணும்?"

"நாலு."

"மாத்துங்க."

புதன்கிழமை காலை திருத்திய செவிவழி வெளிவந்தது. மதியம் செல்வக்கனி எழுதினாள். 'கடைசி வரி வருது அக்கா. இத்தனை நாளும் பாண்டியர்கள் எப்படித் தோற்றார்கள் என்றே தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். அது பக்கத்தின் அடியில் இருந்திருக்கிறது.'

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் ஹாஜிராவுக்கு போன் செய்தார். ஐசக்கும் கூட இருந்தார்.

"படத்தைத் திருப்பிக் குடுன்னு கேக்க வரலைம்மா. ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கிளியில உனக்கு என்ன குறை தெரிஞ்சுது?"

ஹாஜிரா மெல்லச் சொன்னாள்.

"எங்கம்மாவுக்குச் சர்க்கரையால கண்ணு மங்கிட்டே வருதுக்கா. முழுசாப் போகல. போன்ல செவிவழியைத் திறக்கணும்னா அந்தக் கிளியைத் தேடுவாங்க. சின்னத் திரையில அது பச்சையா ஒரு கறை மாதிரிதான் தெரியும். பக்கத்துல இருக்குற வேற எதையாவது தொட்டுருவாங்க. மஞ்சள்ல கறுப்பு போட்டா அவங்களுக்குத் தெரியுது. அம்மா கையில போனைக் குடுத்துக் குடுத்துத்தான் அளவு பாத்தேன்."

"இதை நீ எழுதலையே."

"எழுதலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எனக்குத் தமிழே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."

"நான் எழுதட்டுமா?"

"அம்மா பேரைப் போடாதீங்க."

ஹாஜிரா சொன்னதை, அம்மாவின் பேரைப் போடாமல், பேச்சியம்மாள் குழுமத்தில் எழுதினார். தன் கருத்து என்று ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டு நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் யோகேஸ்வரி, ஹாஜிராவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். 'அ'வின் சுழி இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என் மாமாவின் போனில் போட்டுப் பார்த்தேன், அவருக்குத் தெரிகிறது என்று அதில் இருந்தது. ஹாஜிரா அதற்குப் பதில் எழுதவில்லை. படத்தை மட்டும் திரும்பப் போட்டாள்; அதுவே செவிவழியின் சின்னமாயிற்று.

சதானந்தன் போய்விட்டார். இரண்டு புத்தகங்களைச் சோதித்து ஒழுங்காக அறிக்கை அனுப்பியவர், அடியில், சின்னம் பற்றிய என் நிலை மாறவில்லை என்று எழுதி, அந்த வாரமே நிரலை எடுத்துக்கொண்டு தனியாக ஒன்று தொடங்கினார். ஐந்து பேர் கூடப் போனார்கள். கிளி அவர்களிடம் இருந்தது.

அடுத்த விடுமுறைச் சனிக்கிழமை ஐசக் வந்தபோது பேச்சியம்மாள் கிள்ளானுக்கு மடல் எழுதிக்கொண்டிருந்தார்.

"சதானந்தனுக்கா?"

"ஆமா. அவர் எடுத்துட்டுப் போனது பழைய நிரல். நீங்க திருத்தின நாலு வரி அதுல இல்ல."

"பிரிஞ்சு போனவருக்கு நாம எதுக்கு டீச்சர் அனுப்பணும்?"

"கிளியை வச்சுக் கேக்குறவங்களுக்கும் கடைசி வரி வேணும்லா."

மடல் போயிற்று. பேச்சியம்மாள் கணினியை மூடினார். ஐசக் தன் கணினியைத் திறக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல."

"கேளுங்க."

"இந்த ஜனங்க மோசமானவங்க இல்ல. கேட்டதும் செஞ்சாங்க. பதினோரு புத்தகம் பாத்தார் அந்த மனுஷன். அப்படிப்பட்டவங்க லோகோவுக்கு முந்நூத்தி நாப்பது மடல் எழுதினாங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதல. அது ஏன்?"

"செவிவழி ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு இல்லையா அண்ணாச்சி?"

"ஆச்சு."

"இத்தனை வருஷத்துல அவங்ககிட்ட நாம கேட்ட முதல் கேள்வியே, லோகோ நல்லா இருக்கான்னுதான்."

ஐசக் தன் கணினியைத் திறந்தார்.