நடுச்சுவரின் பாட்டு

ஒரு விடுகதை. விடுவியுங்கள் பார்ப்போம்.

வலப்பக்கம் ஒரு பெட்டி, இடப்பக்கம் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே வெறும் சுவர். பாட்டோ அந்த வெறும் சுவரிலிருந்துதான் வருகிறது. அங்கே பாடுவது யார்?

மலையடிவாரத்து ஆசிரமத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் குருவம்மா, இதைத் தம் மாணவி பூங்கோதையிடம் காலையில் போட்டார். பூங்கோதைக்குப் பத்து வயது. அன்று தொண்டை வேறு கட்டியிருந்தது.

"பேயா, அம்மா?" என்று கரகரத்தாள்.

"சாயங்காலம் கேட்டுட்டுச் சொல்லு" என்றார் குருவம்மா.

ஆசிரமத்துக்கு யாரோ ஒரு அன்பர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் அனுப்பியிருந்தார். அவை வந்து இறங்கியதிலிருந்து பூங்கோதைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லாரி ஓட்டும் அவள் அப்பா அன்று மாலை வருகிறார், விடிந்ததும் கிளம்பிவிடுவார். மகள் பாடி அவர் கேட்டதே இல்லை. வரும் நாள் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. நல்லவேளை, போன வாரம் அவள் பாடியதைக் குருவம்மா பதிவு செய்து வைத்திருந்தார். அதையாவது அப்பா நன்றாகக் கேட்க வேண்டும்.

உதவிக்கு வந்தவர் அய்யாக்கண்ணு. அவரும் சீடர்தான். டீக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் மிருதங்கம் கற்க வந்தவர். அந்தப் பதிவில் வாசித்தவரும் அவரே.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்புறமும் இடது ஸ்பீக்கரும் பூங்கோதைக்கு. வலது ஸ்பீக்கர் அய்யாக்கண்ணுவுக்கு. ஒயரில் இரண்டு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் நெடுக ஒரு கோடு. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் இரண்டு திருகுகள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ஆம்ப்ளிஃபயரின் முதுகிலும் ஒவ்வொரு ஒயருக்கும் அப்படியே.

இழைகளை முறுக்கிச் செருகினார்கள். ஒன்றோடொன்று உரசவில்லை என்று பார்த்தார்கள். ஒலிக் குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்து, அதன் பிறகே சுவிட்சைப் போட்டார்கள். பூங்கோதை நடுவில் உட்கார்ந்து, குமிழை மெல்லத் திருப்பச் சொன்னாள்.

பாட்டு வந்தது. ஆனால் எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்து இல்லை. இந்தப் பெட்டியிலிருந்தும் இல்லை, அந்தப் பெட்டியிலிருந்தும் இல்லை. குரல் அவள் காதுக்குப் பின்னால் எங்கோ அலைந்தது. மிருதங்கமோ தகர டப்பா போலக் கேட்டது.

"ஐயோ, இது நான் இல்ல!"

"என் தொப்பியும் இல்ல" என்றார் அய்யாக்கண்ணு. மிருதங்கத்தின் இடந்தலையை அவர் அப்படித்தான் சொல்வார்.

இடது பெட்டியை மட்டும் பாட விட்டார்கள். நன்றாக இருந்தது. வலது பெட்டியை மட்டும் விட்டார்கள். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் குரல் ஓடி ஒளிந்துகொண்டது.

குருவம்மா வந்து கேட்டார்.

"கோடு போட்ட இழையை எதுல செருகினீங்க?"

"சிவப்புல" என்றாள் பூங்கோதை. "ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு ஒயருக்கும், அப்புறம் என் பெட்டியிலயும்."

"கறுப்புல" என்றார் அய்யாக்கண்ணு. "எங்க கடையில எப்பவும் அப்படித்தான். ஒரு நாள்கூடப் பாடாம இருந்ததில்ல."

"கடையில எத்தனை ஸ்பீக்கர்?"

"ஒண்ணுதான்மா."

குருவம்மா சிரித்தார். "ஒத்தைப் பெட்டிக்கு எப்படிச் செருகினாலும் சரிதான். இங்க ரெண்டு இருக்கே. ஒண்ணு காத்தை முன்னால தள்ளுறப்ப, இன்னொண்ணு பின்னால இழுக்குது. ரெண்டும் ஒண்ணாத் தள்ளினாத்தான் பாட்டு நடுச்சுவர்லேருந்து வர்ற மாதிரி கேட்கும்."

"யார் பண்ணது தப்பு?" என்றாள் பூங்கோதை.

"யாராவது ஒருத்தர் பெட்டிக்குப் பின்னால இழைகளை இடம் மாத்துங்க. போதும்."

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"மாத்துங்க மாமா."

"நான் எதுக்கு? நீ மாத்து."

"நீங்கதான் கறுப்புல செருகினீங்க!"

"நீதான் சிவப்புல செருகின. தொண்டை கட்டியும் வாய் அடங்கலியே!"

"உங்க டீக்கடை ஸ்பீக்கர் கொர்ருன்னு இருக்கும், தெரியும்!"

அய்யாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பூங்கோதை கொல்லைப்புறம் போய், கல்லில் உட்கார்ந்தாள். அங்கே சுக்குத் தண்ணீர் மூடி வைத்திருந்தது. அவள் தொண்டைக்காக மாமா காலையில் போட்டு வைத்தது. ஒரு வாய் குடித்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. இன்னொரு வாய் குடித்தாள். எழுந்து போய், யாரும் பார்க்காமல் இடது பெட்டியின் திருகுகளைத் தளர்த்தி, இழைகளை இடம் மாற்றி இறுக்கினாள்.

முகம் கழுவிவிட்டு அவள் திரும்பி வந்தபோது அய்யாக்கண்ணு நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"இப்போ போட்டுப் பார்ப்போமா?" என்றாள்.

"ஓ! போடேன்" என்றார் அவர், ரொம்பவும் இனிமையாக.

போட்டார்கள். குரல் மறுபடியும் காதுக்குப் பின்னால் அலைந்தது. மிருதங்கம் மறுபடியும் தகர டப்பா.

பூங்கோதைக்கு அழுகை முட்டியது. "மாத்திட்டேனே மாமா!"

"நீ மாத்தினியா? நானும்ல மாத்திட்டேன்!"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அய்யாக்கண்ணுவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. பூங்கோதை கரகரவென்று சிரித்தாள்.

"சரி, நான் பழையபடி மாத்திடுறேன்" என்றாள்.

"நீ உட்காரு. நான் மாத்துறேன்."

"வேண்டாம் மாமா, நான்தான்."

"சொன்னாக் கேளு, நான்தான்!"

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டார்கள். கீழே சாலை வளைவில் லாரி ஹாரன் கேட்டது. அப்பாவின் ஹாரன்.

குருவம்மா வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க" என்று பூங்கோதை கெஞ்சினாள். "யார் விட்டுக்கொடுக்கணும்?"

குருவம்மா அய்யாக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"உங்க கடையில டீயை நீட்டினா, வந்தவங்க என்ன செய்வாங்க?"

"வாங்கிக் குடிப்பாங்க."

"பதிலுக்கு அவங்களும் உங்க பக்கம் ஒரு டீயை நீட்ட மாட்டாங்களா?"

அய்யாக்கண்ணு சிரித்தார். "நல்லா இருக்கே! நீட்டிக்கிட்டே நின்னா யாரும்மா குடிக்கிறது? ரெண்டு டீயும்ல ஆறிப்போகும்!"

"லாரி வந்துடுச்சு" என்றார் குருவம்மா.

அய்யாக்கண்ணு வலது பெட்டியின் திருகில் கை வைத்தார்.

பூங்கோதை தன் ஒயரைத் தொடவில்லை. எழுந்து போய், நடுவில் அப்பாவுக்குப் பாய் விரித்தாள்.